எல்லோரும் நிறுத்திய இடம்

“உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேர்மா இருக்கீங்க?”

மாடிப்படியில் வழியை மறித்துக்கொண்டு வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட கேள்வி இது.

இருந்தது இரண்டே பேர், சித்தியும் நானும். ஆனால் அப்படிச் சொன்னால் அவர் நம்பமாட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. முந்தின நாள் மதியம் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவி புலம்பியிருக்கிறாள். ஒரு பெண் யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். “பிடிங்க, பிடிங்க, விடாதீங்க” என்று யாரோ அலறியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கைதட்டலும் சிரிப்புமாக இருந்திருக்கிறது. கீழ்வீட்டில் படுத்திருந்த அவருக்கு மதியத் தூக்கம் போனது ஒரு பக்கம். ஒரு பெண்மணி மட்டும் என்று நம்பி வீட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு பட்டாளத்தையே குடிவைத்துவிட்டோமோ என்ற சந்தேகம் இன்னொரு பக்கம்.

“அது சித்தி மட்டும்தான் அங்கிள்” என்றேன்.

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

அவர் படியில் ஒரு படி இறங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உடம்புக்கு ஏதாவது சரியில்லையாம்மா அவங்களுக்கு?”

சித்திக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அவள் கூட்டத்துக்குக் குரல் கொடுப்பவள். ஒரு தொடரில் கதாநாயகன் சந்தைக்கு நடுவில் நின்று பேசுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனைச் சுற்றி நிற்பவர்கள் படப்பிடிப்பின்போது வாயை மட்டும்தான் அசைப்பார்கள். பிறகு ஏழெட்டுப் பேர் ஓர் அறையில் நின்று, படத்தைப் பார்த்துக்கொண்டே, “என்ன விலை”, “தள்ளுங்கப்பா”, “நேத்து வந்தவன்தானே நீ” என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி அந்தச் சந்தையை உண்டாக்குவார்கள். சந்தை கேட்க வேண்டும். சந்தையில் இருக்கும் யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. “காதுல விழணும், ஆனா யாரும் கவனிக்கக் கூடாது. அதுதான்டி எங்க வேலை” என்பாள் சித்தி.

அவள் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஒலிப்பதிவுக் கூடம். ஒருநாள் பெண்குரல் ஒன்று குறைகிறதென்று மேலிருந்து ஒருவர் ஓடிவந்து, “உங்களுக்குக் கத்தத் தெரியுமா?” என்று கேட்டாராம். “பல் புடுங்குற இடத்துல உக்காந்திருக்கேன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் விதவிதமா கேக்குறேன். எனக்கா தெரியாது?” என்றாளாம் சித்தி. அன்று மேலே ஏறியவள் திரும்பக் கீழே வந்து உட்காரவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அதைப் பற்றி எப்போது ஆரம்பித்தாலும் சித்தியிடம் ஒரே பதில்தான். “நான் போகாத கல்யாணமா? எத்தனை ஜோடியை வாழ்த்தியிருக்கேன். பாக்குறவங்க பக்கத்துலயே நின்னு பழகிடுச்சு, மேடை ஏறத் தோணல.”

பள்ளிப் படிப்பு முடிந்து, கேட்ட படிப்புக்கு இடம் கிடைக்காமல் நான் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தபோதுதான் அம்மா என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே இருந்துகொண்டு வேலை தேடலாம் என்று ஏற்பாடு. பள்ளியின் கடைசி மாதத்தில் ஒருவர் வந்து வேலைவாய்ப்புகளைப் பற்றிப் பேசியிருந்தார். கலை, ஊடகம் சார்ந்த தொழில்களில் வேலைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன என்று திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். கோடு மாடிப்படி மாதிரி மேலே ஏறிப் போனது. நான் அதைச் சித்தியிடம் ஆசையாகச் சொன்னேன்.

“அவர் பொய் சொல்லல” என்றாள் சித்தி. “வேலை நிறைய வருது. முன்னாடி ஒரு படம் வந்தா ஒரு வாரம் அங்கேயே கிடப்போம். இப்ப ஒரு நாள்ல மூணு தொடருக்குக் கத்துறேன். எல்லாம் துண்டு துண்டா. அந்தக் கோட்டுல நானும் இருக்கேன்டி. ஆனா பக்கத்துல யாரு இருக்காங்கன்னுதான் தெரியல.”

அவள் சொன்னது எனக்கு அன்று முழுதாக விளங்கவில்லை. அவள் வேலை செய்யும் இடத்தைப் பார்த்த பிறகு கொஞ்சம் விளங்கியது.

அது படுக்கையறைச் சுவரில் பதித்த துணி அலமாரி. துணிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, பின்பக்கம் பழைய மெத்தை ஒன்றை நிறுத்திவைத்திருந்தாள். மைக்கை ஹேங்கரில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஒரு செருப்பின் மேல் சாய்த்துவைத்த கைபேசியில் படம் ஓடும். மின்விசிறியை நிறுத்துவாள். குளிர்பெட்டியை நிறுத்துவாள், மறுபடி போட மறந்து எத்தனையோ தடவை பால் திரிந்திருக்கிறது. பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, மேலே போர்வையை இழுத்துவிடுவாள். உள்ளேயிருந்து ஒரு பேருந்து நிலையம் கேட்கும். ஓர் ஆஸ்பத்திரி கேட்கும். கதவு திறக்கும்போது தலைமுடி நெற்றியில் ஒட்ட, வியர்த்து விறுவிறுத்து ஒரே ஓர் ஆள் வெளியே வருவாள்.

மேல்மாடிக் கூடம் இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம் வந்துவிட்டது. வாடகை கட்டுப்படியாகவில்லையாம். “இனிமே எல்லாரும் வீட்லேர்ந்தே அனுப்பிடுங்க, அலைச்சல் மிச்சம்” என்று வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஒருங்கிணைப்பாளர் சொன்னபோது, எல்லோருக்கும் முதலில் சந்தோஷம்தான். பேருந்தில் தொங்க வேண்டியதில்லை. மேக்கப் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. குரலுக்கு எதற்கு மேக்கப் என்று நான் கேட்டேன். “குரலுக்கு இல்லடி, பாப்பா அக்காவுக்கு. அவங்க பாத்து ‘என்னடி முகம் வாடியிருக்கு’ன்னு கேப்பாங்க, அதுக்குப் பதில் சொல்றதைவிட பவுடர் போடுறது சுலபம்” என்றாள்.

பாப்பா அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கைக்குழந்தை முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை அவர் குரல்தான். இன்னொருவர் வக்கீல். அவர் வக்கீல் இல்லை, எந்தக் கூட்டமாக இருந்தாலும் “இது அநியாயம்!” என்று ஒரு தடவையாவது கத்திவிடுவார், அதனால் அந்தப் பெயர். டீச்சர் என்று ஒரு அம்மா. அவர் நிஜமாகவே டீச்சராக இருந்தவர். இருமல், பெருமூச்சு, முணுமுணுப்பு எல்லாம் அவர் பொறுப்பு. இவர்கள் போக இன்னும் இரண்டு பேர். இவர்களைப் பற்றிச் சித்தி பேசாத நாளில்லை. ஆனால் நான் வந்து பல வாரங்கள் ஆகியும் ஒருவரையும் நேரில் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தார்களாம். பேச என்ன இருக்கிறது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு அலமாரிக்குள். பேச்சு குறைந்து, பூப்படம் போட்ட காலை வணக்கமாகி, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

சித்தியின் ஆசை ஒன்றே ஒன்றுதான். அதை அவள் ஒளித்ததில்லை. மறுபடி அவர்களோடு ஒரே மைக் முன்னால் நிற்க வேண்டும். அதுதான் வேலை, மற்றதெல்லாம் கூலி என்பாள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பெரிய தொடர் வந்தது. கதையே ஒரு குடியிருப்பைப் பற்றியது, ஆகவே எல்லா நாளும் கூட்டம் உண்டு. முதல் பகுதி பிடித்துப்போனால் மாதக்கணக்கில் இவர்களுக்கே வேலை என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். பிடிக்கவில்லையென்றால், கணினியில் தயாராக இருக்கும் சத்தத்தைப் போட்டுக்கொள்வார்களாம்.

முதல் பகுதியில் அடுக்குமாடி ஒன்று தீப்பற்றி எரிகிறது. தெருவில் கூட்டம். தீயணைப்பு வீரன் ஏணியில் ஏறும்போது ஏணி சறுக்குகிறது. சித்தி அலமாரிக்குள் போய் அதற்குக் கத்தினாள். நான் வெளியே உட்கார்ந்து கேட்டேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மற்றவர்களும் அவரவர் வீட்டிலிருந்து அனுப்பினார்கள். மறுநாள் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். சித்தி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க எல்லாரும் சேர்ந்து?”

“சேர்ந்தா? எங்கப்பா சேர்ந்தோம்? ஏன், என்ன ஆச்சு?”

“ஏணி சறுக்குற இடம்க்கா. அதுதான் சீனே. அங்க போயி ஒருத்தர் விடாம எல்லாரும் வாயை மூடிட்டீங்க. அஞ்சு பேர் ஃபைலும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தா, அந்த இடத்துல சுடுகாடு மாதிரி இருக்கு. ஏதாவது பிளான் பண்ணீங்களா? எனக்கு எதிரா ஏதாவது ஸ்ட்ரைக்கா?”

சித்தி போனைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்து, அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“பாப்பா அக்கா ஃபைல் எங்க?”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“தம்பி, உன்னைத்தான் கேக்குறேன். பாப்பா அக்காவைக் கூப்பிடலயா இதுக்கு?”

“குழந்தைக் குரல் எல்லாம் இப்ப தொடர் எடுக்குறவங்களே கம்ப்யூட்டர்ல போட்டுக்குறாங்கக்கா. ரொம்ப நாளாவே பாப்பா அக்காவுக்கு நான் எதுவும் கொடுக்கல. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

சித்திக்குத் தெரியாது. வக்கீலுக்குத் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது. சித்தி எனக்கு விளக்கிச் சொன்னாள். கூடத்தில் நிற்கும்போது அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. படத்தில் ஏதாவது ஆபத்து வந்தால் முதல் அலறல் பாப்பா அக்காவுடையது. மெல்லிசாக, ஊசி மாதிரி, “அம்மா!” என்று ஒன்று. அது எழும்பின பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்தால் மைக் தாங்காது என்பதற்காகத் தொடங்கி, பிறகு அதுவே மூச்சு மாதிரி ஆகிவிட்டது. இப்போது ஐந்து பேரும் ஐந்து வீட்டில், தனித்தனியாக, அக்காவின் அலறலுக்கு இடம் விட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். அக்காவோ அந்தத் தொடரிலேயே இல்லை.

“திரும்ப எடுத்து அனுப்புங்கக்கா. கேப் விடாம கத்துங்க, அவ்வளவுதானே” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

சித்தி மறுபடி அலமாரிக்குள் போனாள். வந்தாள். மறுபடி போனாள். ஏணி சறுக்கும் இடம் வந்ததும் அவள் தொண்டை தானாக நின்றது. முந்திக்கொண்டு கத்திய தடவை பொய்யாகக் கேட்டது, அது எனக்கே தெரிந்தது. கடைசியில் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, தரையில் உட்கார்ந்தபடியே போன் போட்டாள்.

“தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு. எல்லாரையும் என் வீட்டுக்கு வரச் சொல்லு. பாப்பா அக்காவையும். மைக் என்கிட்ட இருக்கு. உனக்கு ஒரு செலவும் இல்ல.”

“அக்கா, பாப்பா அக்காவுக்கு நான் எங்கேர்ந்து குடுக்குறது?”

“என் பங்குலேர்ந்து பிச்சுக் குடு. முதல்ல கூப்பிடு.”

அவர்கள் ஒரு காலைப்பொழுதில் வந்தார்கள். படியேறும்போதே சத்தம் ஆரம்பித்துவிட்டது. வக்கீல் நான் நினைத்ததில் பாதி உயரம்தான் இருந்தார். டீச்சர் உள்ளே நுழைந்ததும் வளையலைக் கழற்றி, செருப்பை வாசலிலேயே விட்டு, ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வருவது மாதிரியே வந்தார். பாப்பா அக்கா கடைசியாக வந்தார். வெள்ளை முடி, தடிமனான கண்ணாடி. சித்தியின் தாடையைப் பிடித்துத் திருப்பி, “என்னடி, பவுடர் அப்பியிருக்கே? யாரை ஏமாத்துற?” என்றார். சித்தி சிரிக்க ஆரம்பித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

“எங்களை ஏன் ஒருத்தரும் கூப்பிட்டுச் சொல்லல?” என்று டீச்சர் பாப்பா அக்காவிடம் கேட்டார். “வேலை இல்லைன்னு நீங்களாவது சொல்லியிருக்கலாமே?”

“என்னன்னு சொல்றது? எனக்கு மட்டும்தான் வரலைன்னு நெனச்சேன். உங்ககிட்ட கேட்டா, பாவம்னு உங்க வேலையைத் தூக்கிக் குடுப்பீங்க. அதுக்கு நான் என்ன புண்ணியம் பண்ணேன்?”

“இது அநியாயம்!” என்றார் வக்கீல். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அலமாரியிலிருந்த மெத்தையை வெளியே இழுத்து முன்னறைச் சுவரில் சாய்த்தார்கள். ஜன்னலில் போர்வை. ஹேங்கரோடு மைக்கை மின்விசிறியில் தொங்கவிட்டு அரைவட்டமாக நின்றார்கள். ஒருமுறை ஒத்திகை பார்த்து முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரர். “இப்ப எத்தனை பேருன்னு நானே எண்ணிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவர், அரைவட்டத்தையும் மைக்கையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“வாங்க சார், உள்ள வாங்க” என்றார் வக்கீல். “ஆம்பளைக் குரல் கம்மியா இருக்கு. கட்டடம் பத்திக்கிட்டு எரியுது. நீங்க என்ன சொல்லுவீங்க?”

“என் கட்டடமா?” என்று கேட்டார் அவர், பதறி.

“உங்களுதுன்னே வெச்சுக்குங்க.”

அன்று அந்த அறையில் பதிவானதை நான் இப்போது நினைத்தாலும் கைமயிர் எழுந்து நிற்கிறது. ஏணி சறுக்கியது. எல்லோரும் நிறுத்தினார்கள். அந்த வெற்றிடத்தில் பாப்பா அக்காவின் குரல் மேலே போனது. கண்ணாடி போட்ட அந்த முகத்திலிருந்து அப்படி ஒரு பிள்ளைக் குரல் வருமென்று பார்த்தவர்கள்கூட நம்பமாட்டார்கள். அதன்மேல் மற்ற எல்லோரும் சரிந்து விழுந்தார்கள். வீட்டுக்காரர், “தண்ணி! ஐயோ, தண்ணி கொண்டாங்கப்பா!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். அது நடிப்பாக எனக்குத் தோன்றவில்லை.

முடிந்த பிறகும் யாரும் கிளம்பவில்லை. டீ போட்டார்கள், பிஸ்கெட் பிரித்தார்கள். யார் எந்தப் படத்தில் எந்தத் தவறு செய்தார்கள் என்று ஒருவரையொருவர் வாரிக்கொண்டார்கள். சித்தி சுவரோரம் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு டீக் குவளைகளைக் கழுவாமல் மறுநாள் வரை அப்படியே வைத்திருந்தாள்.

பதிவு பிடித்துப்போய்விட்டது. பிரமாதம் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். இனி மாதக்கணக்கில் வேலை, வாரம் ஒருநாளாவது எல்லோரும் நம் வீட்டில்தான் என்று சித்தி முன்னறைக்கு ஒரு பழைய கம்பளம்கூட வாங்கிப் போட்டாள்.

ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. அழைப்பு வரவில்லை.

விஷயத்தைக் கொண்டுவந்தது வீட்டுக்காரர். ஒரு சாயங்காலம் படியில் தடதடவென்று ஏறி வந்தார். முகமெல்லாம் பல்.

“நான் இன்னொரு தொடர்லயும் வந்துட்டேன்மா! இங்க பாருங்க. பஸ் கவிழ்ந்து கிடக்கு. கூட்டம் ஓடி வருது. கேளுங்க, கேளுங்க… இதோ! ‘தண்ணி கொண்டாங்கப்பா’! நான்தானே?”

அவர்தான். அதற்கு ஒரு நொடி முன்னால் பாப்பா அக்காவின் அலறல். அப்புறம் சித்தி, டீச்சர், எல்லோரும். எங்கள் முன்னறைதான் அது, ஆனால் அங்கே கவிழ்ந்து கிடந்தது வேறு யாருடைய பேருந்தோ.

“என் பொண்ணுகிட்ட காட்டினேன். அப்பா, நீங்க பெரிய ஆளாயிட்டீங்கன்னு சொல்றா” என்றார். சித்தி அவரைப் பார்த்துச் சிரித்து, “ஆமா சார், நல்லா வந்திருக்கு” என்றாள். அவர் சந்தோஷத்தை அவள் கெடுக்கவில்லை. அவர் இறங்கிப் போன பிறகுதான் போனை எடுத்தாள்.

ஒருங்கிணைப்பாளர் காரில் இருந்தார். அவருடைய அலுவலகத்தையும் காலி செய்துவிட்டதால் சாலையோரம் நிறுத்திய காரிலிருந்துதான் இப்போது வேலை பார்க்கிறார் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. ஃபைல் தொடர் எடுக்குறவங்க கைக்குப் போயிடுச்சுன்னா அது அவங்க சொத்து. துண்டு துண்டா வெட்டி வெச்சிருக்காங்க போல. ஆனா ஒரு நல்ல சேதி. உங்க கூட்டம் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஒரு முழு நாள், பெரிய கூடம், எல்லாரும் ஒண்ணா. கல்யாணக் கூட்டம், ஆஸ்பத்திரிக் கூட்டம், சந்தை, பள்ளிக்கூடம், சண்டை, எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துக்கறாங்களாம். பணமும் நல்லா தர்றாங்க.”

“எல்லாக் கூட்டத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“அப்புறம்?”

“அப்புறம்னா?”

“அதுக்கப்புறம் எங்களை எதுக்குப்பா கூப்பிடுவாங்க?”

அவர் பக்கத்தில் ஏதோ லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. “அக்கா, நீங்க இல்லைன்னா வேற யாராவது பண்ணுவாங்க. நான் என்ன செய்யட்டும்?” என்றார். அவர் குரலிலும் களைப்புதான் இருந்தது.

அந்தக் குடியிருப்புத் தொடருக்கு மட்டும் என்றால் வருகிறேன், வேறெங்கும் போடக் கூடாது என்று சித்தி சொன்னாள். கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டாரோ என்னவோ, பதில் வரவில்லை. வக்கீல்தான் கூப்பிட்டார்.

“ஏம்மா, நீ வரமாட்டேன்னு சொன்னியாமே? ஒரு முழு நாள். எவ்வளவு நாளாச்சு இப்படி ஒரு வேலை வந்து?”

“அதுதான் கடைசி வேலைண்ணா. நம்ம கையாலயே நம்ம கடையைப் பூட்டிட்டு வர்றதா?”

“கடை எப்பவோ பூட்டியாச்சு. சாவி மட்டும்தான் நம்மகிட்ட இருக்கு. அதைக் குடுத்தா ஒரு மாச வாடகை வரும். நீ தனி ஆள், யோசிக்கலாம். எனக்கு ரெண்டு பிள்ளைங்க.”

சித்திக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபப்படவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். பாப்பா அக்கா ஒருவர் போதும், அவர் தன் பக்கம் நிற்பார் என்று அவருக்குப் போன் போட்டாள்.

“நான் போறேன்டி” என்றார் பாப்பா அக்கா.

“அக்கா, உங்க குரலை எடுத்து வெச்சுக்கிட்டு, ஆயுசுக்கும் போட்டுக்குவாங்க.”

“போட்டுக்கட்டுமே. நான் எத்தனை மாசமா யார்கூடவும் பேசாம உக்காந்திருக்கேன்னு உனக்குத் தெரியுமா? அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்துட்டுப் போனப்புறம், தொண்டை வலிச்சுது. கத்தினதுல இல்ல, பேசினதுல. அந்த மாதிரி இன்னொரு நாள் கிடைக்குதுன்னா, கதவைத் திறந்து வெச்சவன் யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. நீயும் வாடி.”

சித்தி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். அவளுக்கு வேண்டியதும் அதே நாள்தான். அவர்களோடு ஒரே மைக். அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. “வர்றேன்” என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

“நல்லபடியா போயிட்டு வாங்கக்கா” என்றாள்.

ஏன் போகவில்லை என்று நான் பிறகு கேட்டேன். “போனா சந்தோஷமா இருந்திருக்கும். அதுதான் பயமா இருந்துச்சு. நம்ம கடையை நாமளே பூட்டுறோம்ங்கறதே மறந்துபோயிருக்கும்” என்றாள்.

அந்த நாள் வந்தது. சித்தி காலையிலிருந்து துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். மதியம் போன் அடித்தது.

“சாப்பிட்டியாடி?” பாப்பா அக்கா. பின்னால் ஒரே இரைச்சல். நாற்காலி இழுக்கும் சத்தம், கரண்டிச் சத்தம், டீச்சரின் சிரிப்பு. “எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க.”

“அவகிட்ட சொல்லுங்க,” என்று வக்கீல் தூரத்திலிருந்து கத்தினார், “கல்யாணக் கூட்டத்துல கூட நான் அநியாயம்னு கத்திட்டேன், இன்னொரு டேக் போச்சுன்னு!”

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். சாப்பாடு எப்படி, கூடம் எப்படி, குளிர் அதிகமா, டீச்சருக்கு இருமல் தேவலையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். “சரிடி, கூப்பிடுறாங்க, வைக்கிறேன்” என்றார் பாப்பா அக்கா. ஆனால் வைக்கவில்லை. அணைக்க மறந்து பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பை உரசும் சத்தம் கேட்டது. செருப்புகளைக் கழற்றும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு அமைதி.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சித்தி சட்டென்று என் வாயைப் பொத்தினாள். போனை நெஞ்சோடு அழுத்தி, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். நம் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் போனாலும் அவர்களுடைய பதிவு கெட்டுவிடும். எழுந்து போய் மின்விசிறியையும் நிறுத்தினாள். வேர்வை வழிய, மூச்சை அடக்கிக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து, பைக்குள் அமுங்கிய மாதிரி, ஒரு பெரிய கூட்டம் சந்தோஷமாகக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பொத்தானை அழுத்தி அவளே நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அவர்கள் யாருக்கும் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. சித்தி இப்போது அதே அலமாரிக்குள் உட்கார்ந்து, நிறுவனங்களின் தொலைபேசிக்குக் குரல் கொடுக்கிறாள். “தயவுசெய்து காத்திருக்கவும்” என்று அவள் சொன்னால், அதை எல்லோரும் கவனிக்கிறார்கள். நான் ஒரு நகல் எடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்று கடையில் நடந்ததையெல்லாம் சித்தியிடம் ஒன்றுவிடாமல் சொல்வேன்.

நான் எழுத்தாளர் இல்லை. இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். வீட்டிலிருந்தே தனியாகக் குரல் கொடுக்கிறவர்கள், படம் வரைகிறவர்கள், இசை சேர்க்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். பக்கத்தில் வேலை பார்த்தவருக்கு இன்னும் வேலை இருக்கிறதா என்றுகூட அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும். உங்களுக்கு அப்படி யாரையாவது தெரிந்திருந்தால் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவர்கள் முன்பு யாரோடு சேர்ந்து வேலை பார்த்தார்களோ அவருக்கும் இன்றே ஒரு போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.